தேய்ந்ததா, தேய்த்ததா? ஒரு கறுப்பு நிகான் எஃப் வாங்கிய நிகழ்வு ஆய்வு

என் மேசையில் இரண்டு நிகான் எஃப் கேமராக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் கறுப்பு. ஒன்று நேற்றுதான் பெட்டியைப் பிரித்ததுபோல் பளபளத்தது. இணைய ஏலத்தில் 78,000 யென் கொடுத்து எடுத்தது. இன்னொன்று விளிம்பெல்லாம் பித்தளை பல்லிளித்து, வெளிச்சம் அளக்கும் மீட்டர் செத்துப்போய், கடைக்காரரே குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு விற்றது, 46,000 யென். முதலாவது தவறான கொள்முதல், இரண்டாவது சரியானது. இரண்டுக்கும் நடுவில் எட்டு மாதங்கள். அந்த எட்டு மாதங்களில் எதைப் பார்த்தேன், எதைக் கையிலெடுத்துவிட்டுத் திருப்பி வைத்தேன், ஏன் என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். பழைய ஃபிலிம் கேமராவை அரிதான நிறத்தில் தேடும் யாருக்காவது, முதல் கேமராவில் நான் இழந்த 37,000 யென் மிச்சமானால் நல்லது.

நான் வசிப்பது டோக்கியோவின் நிஷி-கசாயில். பழைய கேமரா தேடுகிறவனுக்கு இதைவிட வசதியான ஊர் அமையாது. அந்த வசதி இருந்தும் முதல் கேமராவைத் திரையில் படம் பார்த்து வாங்கினேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கறுப்புக்கு ஏன் இந்த மவுசு

நிகான் எஃப் 1959இல் வந்தது. அப்போது நிறுவனத்தின் பெயர் நிப்பான் கோகாக்கு. நிகான் என்று பெயர் மாறியது 1988இல்தான். அந்த நிறுவனத்தின் முதல் எஸ்எல்ஆர் இது, அதாவது லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்த்து எடுக்கும் கேமரா. 1970களின் தொடக்கம்வரை சுமார் 8,60,000 கேமராக்கள் செய்தார்கள். நெற்றியில் கூம்பாக நின்று காட்சியைக் கண்ணுக்குக் கொண்டுவரும் அந்தப் பிரிசத்தின் வடிவத்தில் யூசாகு கமேகுராவின் கை இருக்கிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் சின்னத்தை வரைந்த அதே வரைகலை வடிவமைப்பாளர். கேமரா உலகத்தில் தொழில்முறைப் புகைப்படக்காரர்களை ஜெர்மனியிலிருந்து ஜப்பான் பக்கம் திருப்பியது இந்த எஃப்தான். கம்போடியப் போர்க்களத்தில் பிரிட்டிஷ் புகைப்படக்காரர் டான் மெக்கலினின் கேமரா துப்பாக்கிக் குண்டைத் தாங்கிய கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். அது ஒரு நிகான் எஃப்.

எஃப் கேமராக்களில் பெரும்பாலானவை வெள்ளி நிறக் குரோம். கறுப்பு குறைவு. உள்ளே ஒரு திருகுகூட வேறில்லை. அதே டைட்டானியத் திரை போட்ட ஷட்டர், அதே லென்ஸ் மவுண்ட். வெளிச்சம் பட்டு மின்னக் கூடாது, எடுக்கப்படுகிறவரின் கண்ணை இழுக்கக் கூடாது என்று நினைத்த பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் கறுப்பைக் கேட்டு வாங்கினார்கள். அவர்கள் கையில் இருந்ததாலேயே கறுப்புக்குப் பிறகு ஒரு தனி மதிப்பு வந்தது.

இங்கே உலோகத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். மேல்தகடு, பின்மூடி, பிரிசத்தின் உறை எல்லாம் பித்தளை. குரோம் கேமராவில் அந்தப் பித்தளை மேல் நிக்கல், அதன் மேல் குரோம். குரோம் கெட்டியானது, அறுபது வருடம் கையில் உழன்றாலும் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது. கறுப்புக் கேமராவிலோ பித்தளை மேல் நேராகப் பெயிண்ட். பெயிண்ட் மெத்தென்றது. பை உரசும், வார் உரசும், கட்டைவிரல் உரசும். மெல்ல மெல்லப் பித்தளை எட்டிப்பார்க்கும். நம் ஊரில் கவரிங் வளையலைப் பார்த்து "பல்லிளிச்சிருச்சு" என்பார்களே, அதேதான். வளையலுக்கு அது அவமானம். கறுப்புக் கேமராவுக்கு அது பிறப்புச் சான்றிதழ். ஜப்பானியக் கடைகளில் இதை 'ஜிகானே' என்பார்கள், அடி உலோகம் என்று பொருள். கொஞ்சம் மரியாதையோடுதான் அந்தச் சொல்லைச் சொல்வார்கள்.

குரோம் எஃப் மலிவாகக் கிடைக்கிறது. மீட்டர் இல்லாத, எளிய பிரிசம் மாட்டிய கறுப்பு எஃப் அதைவிட நன்றாகவே விலைபோகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த விலை வித்தியாசத்தில் ஒரு டப்பா பெயிண்டுக்கு இடமிருக்கிறது. மொத்தப் பிரச்சினையும் அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

முதல் கொள்முதல்

ஏலத்தில் எட்டுப் படங்கள் போட்டிருந்தார்கள். எல்லாம் மெத்தென்ற வெளிச்சத்தில், சற்று மேலிருந்து எடுத்தவை. 'பிஹின்' என்று எழுதியிருந்தது, அழகான பொருள் என்று அர்த்தம். வரிசை எண் 64இல் தொடங்குவதால் '1964 தயாரிப்பு' என்றும் இருந்தது.

அந்த இரண்டாவது வரியைப் படித்தபோதே நான் நின்றிருக்க வேண்டும். நிகான் எஃப்பின் வரிசை எண் 1959இல் 6400001 என்றே தொடங்கியது. அந்த 64க்கும் ஆண்டுக்கும் சம்பந்தமே இல்லை. 1960இல் செய்த கேமராவிலும் 64 என்றுதான் இருக்கும். கறுப்புக்கென்று தனி எண் வரிசையும் கிடையாது, ஆகவே எண்ணை வைத்து நிறத்தை உறுதிசெய்ய முடியாது. ஜெர்மானிய நிறுவனமான லைக்காவின் கேமராக்களுக்கு அந்த வசதி உண்டு. வெட்ஸ்லாரில் உள்ள அவர்களுடைய ஆவணக் காப்பகத்தில் எந்த எண் என்ன பூச்சில் வெளியே போனது என்று கேட்டறியலாம். எஃப்பைப் பொறுத்தவரை சாட்சி கேமரா மட்டும்தான்.

கேமரா வந்தது. மூன்று வாரம் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை துடைத்துக்கொண்டிருந்தபோது இடது பக்கம் வார் மாட்டும் கொக்கிக்குக் கீழே ஒரு கீறல் தெரிந்தது. வாரின் இரும்பு வளையம் ஆடி ஆடி, பிறைபோல ஒரு கோடு போட்டிருந்தது. கோடு வெள்ளியாக இருந்தது. சன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். மஞ்சள் இல்லை. வெள்ளிதான்.

கவாசாகியில் உலோகப் பூச்சுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஓசூர்க்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம், என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். அடுத்த வாரம் அவரிடம் கொண்டுபோனேன். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியைக் கண்ணில் வைத்து ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அண்ணா, இந்த எழுத்தைப் பாருங்க. கரையே இல்ல" என்றார்.

ஷட்டர் வேக எண்களைக் காட்டினார். தொழிற்சாலையில் எழுத்தைப் பித்தளையில் வெட்டுவார்கள். வெட்டின விளிம்பு கத்திபோல் நிற்கும். அதன் மேல் மெல்லிய பெயிண்ட், பள்ளத்தில் வெள்ளை. என் கேமராவில் விளிம்பு மழுங்கி, தோசைமாவு ஊற்றிய பள்ளம்போல் இருந்தது. மேலே பூசிய பெயிண்ட் பள்ளத்துக்குள்ளும் இறங்கிப் பாதியை நிரப்பிவிட்டது. மிச்சப் பள்ளத்தில் வெள்ளையை இட்டிருக்கிறார்கள். அந்த வெள்ளையும் சுண்ணாம்பு வெள்ளை. அறுபது வருடத்து வெள்ளை பழைய தந்தச் சீப்பின் நிறத்துக்கு மங்கியிருக்க வேண்டும்.

"குரோமை உரிக்காமலே மேல அடிச்சிருக்காங்க. உரிச்சிருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்காது. அதான் உங்களுக்கு அதிர்ஷ்டம்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். கீழே வெள்ளி தெரிந்தால் மறுபூச்சு என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் பித்தளை தெரிந்தால் அசல் என்று சொல்லிவிட முடியாது. குரோமை முழுக்க உரித்துவிட்டுப் பூசினால் தேயும்போது மஞ்சள்தான் தெரியும்.

விற்றவருக்கு எழுதினேன். விளம்பரத்தில் 'கறுப்பு' என்றுதான் போட்டேன், 'அசல் பூச்சு' என்று போடவில்லையே என்று மரியாதையான பதில் வந்தது. கீழே சிறிய எழுத்தில் 'நோ கிளெய்ம், நோ ரிட்டர்ன்' என்ற வழக்கமான வரியும் இருந்தது. அவர் எழுதியதில் பொய் இல்லை. நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான் நடந்தது. அந்தக் கேள்வி ஒரே ஒரு சொல்: 'சைதோஸோ?' மறுபூச்சா என்று அர்த்தம். வாங்குவதற்கு முன்னால், எழுத்தில் கேட்க வேண்டும். ஆம் என்றால் விலை தெளிவாகிவிடும். இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு பேச ஒரு பிடி இருக்கும். தெரியாது என்று பதில் வந்தால் நேரில் பார்க்காமல் தொடக் கூடாது. இன்றும் யாராவது கேட்டால் நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான்.

மறுபூச்சு ஒன்றும் குற்றமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குரோம் எஃப் ஒன்றை வாங்கி, நல்ல கைவினைஞரிடம் கொடுத்துக் கறுப்பாக்கிப் பயன்படுத்துவது நியாயமான ஆசை. ஜப்பானில் அந்த வேலையை அருமையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அசலின் விலையை மறுபூச்சுக்குக் கொடுக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

கண்ணைப் பழக்கியது

அடுத்த மூன்று மாதம் எதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். பார்ப்பது மட்டும்தான் வேலை.

நிகான் அருங்காட்சியகத்துக்குப் போனேன். 2024இல் அது நிறுவனத்தின் புதிய தலைமையகத்தோடு நிஷி-ஓயிக்கு இடம் மாறியது. ஓயி, எஃப் பிறந்த பழைய தொழிற்சாலைப் பகுதி. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைத் தொட முடியாது. ஆனாலும் அசல் கறுப்பு எப்படி ஒளியை வாங்கிக்கொள்கிறது, எழுத்து எவ்வளவு கூர்மையாக நிற்கிறது என்பது கண்ணில் பதிந்துவிடும். மேல்தகட்டில் முக்கோணச் சின்னத்தோடு நிப்பான் கோகாக்கு என்று பொறித்த முற்கால எஃப், பிறகு நிகான் என்று மட்டும் பொறித்தது, கடைசிக் காலத்தில் ஃபிலிம் நகர்த்தும் லீவரின் நுனியில் பிளாஸ்டிக் வைத்தது (இதைச் சந்தையில் அப்பல்லோ என்பார்கள்) என்று வரிசையாகப் பார்த்தால் எந்தக் காலத்துப் பாகம் எதோடு சேரும் என்பது புரிய ஆரம்பிக்கும். எண் ஒரு காலத்தையும் லீவர் வேறொரு காலத்தையும் சொன்னால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

பிறகு கடைகள். ஷின்ஜுக்கு, கின்சா, நாகானோவின் ஃபுஜியா கேமரா. கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். மேசை மேல் ஒரு மெத்தைத் தட்டை வைத்து, அதன் மேல் கேமராவை வைப்பார்கள். கடிகாரம், மோதிரத்தைக் கழற்றிவிட்டு எடுப்பது நாம் காட்ட வேண்டிய பதில் மரியாதை. ஒவ்வொரு கறுப்பு எஃப்பையும் ஐந்து நிமிடமாவது கையில் வைத்திருந்தேன். நோட்டில் பெயிண்ட் போன இடங்களைக் குறித்துக்கொண்டேன்.

இருபதுக்கு மேல் பார்த்தபிறகு ஒரு வடிவம் புலப்பட்டது. பிரிசத்தின் மேல்முனைகள். அடிமூடியின் நான்கு மூலைகள். வார் கொக்கிக்குக் கீழே அந்தப் பிறைக் கீறல். ஃபிலிம் நகர்த்தும் லீவருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் வந்து படியும் இடம். எஃப்பில் ஃபிளாஷ் மாட்டும் தண்டவாளம், ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் ரீவைண்ட் குமிழைச் சுற்றி இருக்கிறது. ஃபிளாஷ் அதிகம் போட்டவர் கேமராவில் அங்கே பளிச்சென்று தேய்ந்திருக்கும். நம் வீட்டுப் படியில் கால் வைக்கும் நடுவிடம் மட்டும் குழிந்திருப்பதுபோல, மனிதக் கை ஒரே இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும்.

திருப்பி வைத்த இரண்டு

கின்சாவின் மாட்சுயா அங்காடியில் பல ஆண்டுகளாகப் பழைய கேமராச் சந்தை ஒன்று நடந்துவருகிறது. அதுபோன்ற ஒரு சந்தையில், கடையின் பெயர் வேண்டாம், ஒரு கறுப்பு எஃப்பைப் பார்த்தேன். எளிய பிரிசம், 98,000 யென். விளிம்பெல்லாம் பித்தளை, பார்த்தவுடன் மனசு போய்விட்டது. கூடவே ஓசூர் நண்பரும் வந்திருந்தார். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என் காதருகே சொன்னார்: "அண்ணா, இது தேய்ஞ்சது இல்ல. தேய்ச்சது."

அந்தப் பித்தளை எங்கும் ஒரே மஞ்சளாக இருந்தது. கை தொடாத மூலையில் பித்தளை காற்றுப் பட்டுப் பழுப்பேறும். கை அடிக்கடி தொடும் இடத்தில் மட்டும் பளபளக்கும். ஒரே கேமராவில் இரண்டு நிறமும் இருக்க வேண்டும். இங்கே புளி போட்டு நேற்றுத் தேய்த்த குத்துவிளக்குபோல் ஒரே பளபளப்பு. கண்ணாடி வைத்துப் பார்த்தால் கோடுகள் எல்லாம் ஒரே திசையில் ஓடின. உப்புத்தாளின் வேலை. பையில் உரசிய கேமராவில் கோடுகள் நாலா பக்கமும் போகும், பெயிண்ட் முடியும் கரையும் படிப்படியாக மெலிந்து மறையும். பிரிசத்தின் விளிம்புகள் இவ்வளவு தேய்ந்திருந்தும் வார் கொக்கிக்குக் கீழே ஒரு கீறல்கூட இல்லை. இவ்வளவு உழைத்த கேமராவை யாரும் வார் இல்லாமல் தூக்கியிருக்க முடியாது.

தேய்மானத்தையே போலியாகச் செய்ய ஒருவர் மெனக்கெடுகிறார் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. சத்தம் போடாமல் வைத்துவிட்டு நகர்ந்தோம்.

இன்னொன்று எஃப் இல்லை. ஆனால் அரிதான பூச்சு என்றால் இதையும் சொல்லாமல் விட முடியாது. மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் டோக்கியோ இன்டர்நேஷனல் ஃபோரம் வளாகத்தில் ஓயெடோ பழம்பொருள் சந்தை நடக்கும். அங்கே ஒருவரிடம் தங்க முலாம் பூசிய 'லைக்கா' இருந்தது. முன்னால், தூரத்தைக் கணிக்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு சன்னல்கள். உண்மையான தங்க முலாம் லைக்கா லக்ஸஸ் 1929 முதல் 1931 வரை சுமார் 95 மட்டுமே செய்யப்பட்டது. அது லைக்கா ஒன்றாம் மாடல், அதில் ரேஞ்ச்ஃபைண்டரே கிடையாது. ரேஞ்ச்ஃபைண்டர் உள்ளே வந்தது 1932இல் இரண்டாம் மாடலோடுதான். லென்ஸைக் கழற்றி உள்ளே பார்க்க அனுமதி கேட்டேன். லைக்காவில் லென்ஸின் பின்புறத்தைத் தொட்டு நகரும் கை நுனியில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். இதில் சக்கரம் இல்லை, ஆப்பு மாதிரி ஒரு கட்டை. சோவியத் நாட்டின் ஃபெட் அல்லது சோர்க்கி கேமரா. பழைய பெயரை அழித்து லைக்கா என்று வெட்டி முலாம் பூசியது. தங்கம், மரத்தோல், ராணுவ முத்திரை என்று எவ்வளவு அலங்காரம் இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படலாம். அதை அலங்காரப் பொருளாக விரும்பி வாங்குகிறவர் வாங்கட்டும், விலை மட்டும் சோர்க்கியின் விலையாக இருக்க வேண்டும்.

அரிது என்றால் எப்போதும் கறுப்பு என்றும் இல்லை. நிகான் எஃப்3 கறுப்பில்தான் வந்தது; அதனால் 1982இல் டைட்டானிய உறையோடு வந்த எஃப்3/டியின் ஷாம்பெயின் நிறம்தான் அங்கே அபூர்வம். ஒலிம்பஸ் ஓஎம்-4ம் கறுப்பாகப் பிறந்து, 1986இல் டைட்டானியத்தில் ஷாம்பெயின் நிறம் பெற்றது. அப்படிப்பட்ட டைட்டானிய உறையின் விளிம்பில் பித்தளை மஞ்சள் தெரிந்தால் அந்த உறை டைட்டானியம் இல்லை. லைக்காவில் கறுப்பிலேயே இரண்டு வகை: பெயிண்ட் கறுப்பு, 1971இல் எம்5 மாடல் காலத்தில் வந்த குரோம் கறுப்பு. பழையதைத் தேடுகிறவர்கள் தேடுவது பெயிண்ட் கறுப்பை. எந்த மாடலில் எது வழக்கம், எது விலக்கு என்று தெரிந்துகொண்டபிறகுதான் கடை ஏற வேண்டும்.

வாங்கியது

எட்டாவது மாதம், அலுவலகம் முடிந்து போன ஒரு சிறிய கடையில் அந்த எஃப் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. எளிய பிரிசம் இல்லை; எஃப்டிஎன் என்ற பெரிய மீட்டர் ஃபைண்டர், அதாவது மீட்டர் உள்ளே வைத்த, கண் வைத்துப் பார்க்கும் தலைப்பகுதி, மாட்டியிருந்தது. 1968இல் வந்தது அது. பலருக்கு அதன் தடித்த தலை பிடிக்காது, அதனால் விலையும் குறையும். கடைக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். மீட்டர் வேலை செய்யாது, ஷட்டரின் மெதுவான வேகங்கள் இழுக்கின்றன, பிரிசத்தில் ஒரு கறுப்புக் கோடு என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். 'சைதோஸோ?' என்று கேட்டேன். தலையை ஆட்டி இல்லை என்றார். கேமராவைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டி, "ஜிகானே" என்றார்.

எஃப்பின் பெரிய சௌகரியம், கருவி எதுவும் இல்லாமல் அதை நான்கு துண்டாக்கலாம். லென்ஸ் கழலும். பின்னால் உள்ள பொத்தானை அழுத்தினால் ஃபைண்டர் மேலே வரும். அடியில் உள்ள சாவியைத் திருப்பினால் பின்மூடி அடித்தட்டோடு சேர்ந்து முழுக்க உருவிக்கொண்டு வரும். ஆக, வழக்கமாகப் பழுதுபார்ப்பவருக்கு மட்டும் தெரியும் ஓரங்கள் வாங்குகிறவருக்கும் தெரியும். வேறு பல கேமராக்களில் இந்த வாய்ப்பு இல்லை.

பின்மூடியை உருவி அதன் உள்விளிம்பைப் பார்த்தேன். பெயிண்ட் மெல்லியதாக, சீராக, வழிசல் இல்லாமல் முடிந்திருந்தது. திருகுகளின் பள்ளத்தில் பெயிண்ட் இல்லை, திருகுதலைகள் சிதையவும் இல்லை. எழுத்துகளில் கத்தி விளிம்பு, பழுப்பேறிய வெள்ளை. வார் கொக்கியின் கீழே இரண்டு பக்கமும் பிறைக் கீறல், உள்ளே மஞ்சள், அந்த மஞ்சளும் மங்கிய மஞ்சள். அடிமூலைகளில் வலது பின்மூலை மட்டும் அதிகம் தேய்ந்திருந்தது. இதை வைத்திருந்தவர் எப்போதும் அந்தப் பக்கம் சாய்த்தே மேசை மேல் வைத்திருக்க வேண்டும்.

பிறகு ஃபைண்டரைக் கழற்றினேன். இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

எஃப்டிஎன்னின் தலை அகலமானது. மேல்தகட்டின் ஒரு பகுதி மேல் கூரைபோல் நீண்டு நிற்கும். அந்தக் கூரையின் கீழே இருந்த பெயிண்ட் புதுக் கறுப்பாக, ஈரம் காயாததுபோல் மின்னியது. கூரைக்கு வெளியே அதே தகடு மங்கி, மயிரிழைக் கீறல்கள் நிறைந்து கிடந்தது. இரண்டுக்கும் நடுவே சுண்ணாம்புக்கயிறு போட்டு அடித்ததுபோல் ஒரு கோடு. கைக்கடிகாரம் கழற்றிய மணிக்கட்டில் தெரியுமே, அந்த மாதிரி. இந்த உடலும் இந்தத் தலையும் பல பத்தாண்டுகள் பிரியாமல் இருந்திருக்கின்றன. எந்த உப்புத்தாளாலும் இதைச் செய்ய முடியாது.

இயக்கத்தைப் பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை. பின்மூடி இல்லாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி 1/1000இல் அழுத்தினால் சட்டத்தின் முழு அகலத்திலும் வெளிச்சம் ஒரு கணம் தெரிய வேண்டும், தெரிந்தது. டைட்டானியத் திரையில் சுருக்கங்கள் இருந்தன, ஓட்டை இல்லை. ஒரு நொடி வேகம் ஒன்றரை நொடி இழுத்தது. பழைய மசகு கெட்டியானால் அப்படித்தான் ஆகும். சுத்தம் செய்தால் சரியாகும். ஷட்டர் கிழிந்திருந்தால் எவ்வளவு நல்ல பெயிண்டாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்திருப்பேன்.

46,000 யென், வரி உட்பட. பேரம் பேசவில்லை. குறையை எல்லாம் முதலிலேயே சொன்ன மனிதரிடம் பேச என்ன இருக்கிறது?

பிறகு நடந்தவை

சர்வீஸுக்கு 32,000 யென் ஆனது. மெதுவான வேகங்கள் சரியாயின. மீட்டரையும் பார்க்கச் சொன்னேன். எஃப்டிஎன் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அந்த பேட்டரி இப்போது வருவதில்லை. காதுகேட்கும் கருவிக்குப் போடும் 675 துத்தநாக-காற்று பேட்டரி 1.4 வோல்ட்டில் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனால் இதில் கோளாறு பேட்டரியில் இல்லை. உள்ளே இருக்கும் மின்தடை வளையம் தேய்ந்து முள் துடிக்கிறது. மாற்ற வேறொரு எஃப்டிஎன்னை அறுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்றேன். வெளிச்சத்தைக் கைமீட்டரில் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் நாகானோவில் ஒரு கறுப்பு எளிய பிரிசம் தனியாக விற்பனைக்கு வந்தது, 39,000 யென். அசல்தான், அழகாகத் தேய்ந்தது. அதை மாட்டினால் என் கேமரா எல்லோரும் தேடும் உருவத்துக்கு வந்துவிடும், மதிப்பும் ஏறும். கடையில் மாட்டியும் பார்த்தேன். பிரிசம் சிறியது, கூரை விலகியதும் அந்தப் புதுக் கறுப்புப் பட்டை வெளியே தெரிந்தது. வேறொரு ஆளின் பையில் தேய்ந்த பிரிசம், இன்னொரு ஆளின் தோளில் தேய்ந்த உடல். இரண்டும் உண்மை, ஆனால் ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத உண்மை. இப்படிச் சேர்த்து வைப்பதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன், பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள், எஃப்பே அதற்காக வடிவமைக்கப்பட்டதுதான். எனக்கு மனம் வரவில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டேன். செத்த மீட்டரோடு அந்தத் தடித்த தலை இன்னும் என் கேமராவில் இருக்கிறது.

முதல் கேமரா என்ன ஆனது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஏலத்திலேயே திருப்பி விற்றேன். விளம்பரத்தின் முதல் வரி: 'குரோம் உடல், சைதோஸோ, பூசியவர் யார் என்று தெரியாது.' முதல் படமாக, சன்னலோர வெயிலில் எடுத்த அந்த வெள்ளிக் கீறலை வைத்தேன். 41,000 யென்னுக்குப் போனது. வாங்கியவர் பணம் அனுப்பிய கையோடு ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: ஷட்டர் எல்லா வேகத்திலும் சரியாக இருக்கிறதா? இருக்கிறது என்று எழுதி, மறுநாள் காலை தபாலில் சேர்த்தேன்.